பட்டி போட்ட கிட்டார்

இது நடந்த நாட்களில் மழை பெய்துகொண்டிருந்ததா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பட்டறையின் தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தம் காதில் இருக்கிறது. ஆனால் பெயின்ட் காய அந்த வாரம் நல்ல வெயில் அடித்தது என்று அந்தப் பட்டறையின் பெயின்டர் கண்ணாடியே பின்னாளில் சொன்னான். மழையில் பெயின்ட் அடிக்க அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆகவே இரண்டில் ஒன்றை என் ஞாபகம் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியிருக்க வேண்டும். எதிர்ச்சாரி மாடியில் குடியிருந்தவன் நான். பாதி, ஜன்னல் வழியே பார்த்தது. மீதி, அவன் சொன்னது. அவன் பேச ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தி, ஒரு தம்ளர் டீ ஆறும் வரைக்கும் சும்மா இருப்பான். அந்த இடங்களை நானாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கிட்டார் விஷயத்தில் சந்தேகம் இல்லை. அதன் சத்தம் போனதும் திரும்பி வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

கண்ணாடி என்ற பெயரைக் கேட்டுவிட்டு முதல் தடவை வருகிறவர்கள் அவன் மூக்கின்மேல் கண்ணாடியைத் தேடுவார்கள். அவன் பார்வையில் குறை கிடையாது. அவன் பெயின்ட் அடித்த கார், முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கும். வண்டியை எடுக்க வருகிறவர்கள் பானெட்டில் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போவார்கள். அந்தப் பக்கத்தில் அவனுக்கு நிகரான பெயின்டர் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அதை அவன் மறைத்ததும் இல்லை.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெயின்ட் டப்பாக்கள், அந்தப் பக்கம் சமையலறை. பட்டறை அவனுடைய அண்ணனுடையது. நசுங்கிய வண்டிகளை அடித்து நிமிர்த்தும் டிங்கரிங் வேலை அவருக்கு; அதனால் ஊருக்கே அவர் டிங்கர். வாயால் பேசுவதைவிட விரல் முட்டியால் அதிகம் பேசுகிற மனிதர். அடுத்தவன் பட்டறையில் வேலை பார்த்த வண்டி ஏதாவது வந்தால் கதவை முட்டியால் தட்டுவார். டங் என்றால் தகரம். தொப் என்றால் பட்டி. பட்டி என்பது, பள்ளத்தை அடித்து நிமிர்த்தச் சோம்பல்படுகிறவன் மாவு மாதிரி அப்பி நிரப்பி மழுப்பிவிடும் பூச்சு. மேலே எத்தனை கோட் அடித்தாலும் முட்டிக்குத் தெரிந்துவிடும். அண்ணன் தட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியும் அந்தப் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

கண்ணாடியிடம் ஒரு வியாதி இருந்தது. கீறல் விழுந்த எதையும் அவனால் சும்மா விட முடியாது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஒரு பள்ளிக்கூட வேனின் மஞ்சள். தையல் மெஷினுக்கு யாரோ டாக்டருடைய காரின் மிச்ச நீலம். பிஸ்கட் டின், தண்ணீர்த் தொட்டி, நாற்காலிக் கால், எல்லாம் பளபளவென்று இருக்கும். “ஒரு நிமிஷம் ஆடாம நின்னேன்னா எனக்கும் ஒரு கோட் அடிச்சு வெயில்ல வச்சிருவான்” என்று அண்ணி சொல்வாள்.

அந்த வீட்டில் அவன் கை படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அண்ணியுடைய கிட்டார்.

அண்ணி பகலில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் ரயில்நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலின் மாடி ஹாலில் ஜாஸ் வாசிப்பாள். மூன்று பேர். சாக்ஸபோன்காரர் முன் நாற்காலியில் உட்காருவார். தபால்காரர் ஒருவர், ஆள் உயரத்துக்கு இருக்கும் பாஸ் வயலினை நிறுத்தி வைத்து விரலால் மீட்டுவார். அண்ணி பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குத் தந்திகளில் சுரங்களை வெட்டி வெட்டிக் கொடுப்பாள்.

அவளைவிட அந்தக் கிட்டாருக்கு வயது அதிகம். கல்யாணத்துக்கு முன்பு, ஒரு இசைக்குழு கலைந்தபோது அவள் கைக்கு வந்தது. மேல்பலகை தட்டையாக இருக்காது. வயலினில் இருப்பதுபோல் நடுவில் லேசாகப் புடைக்கும்படி தடித்த மரத்திலிருந்து செதுக்கி எடுத்தது. இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு ஓட்டைகள். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருத்துவிடும். தந்திகளைத் தூக்கிப் பிடிக்கும் கருங்கட்டை ஒட்டப்பட்டதல்ல. தந்திகள் அழுத்துவதால் மட்டும் நிற்பது. பல வருடம் ஒரே இடத்தில் நின்றதில் அதன் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் மாதிரிப் பள்ளம் விழுந்திருந்தது.

எல்லாவற்றையும்விட, உடம்பு ஒல்லி. இந்த ஜாதிக் கிட்டார்கள் பெரும்பாலும் பெரிய வயிறோடுதான் இருக்கும். “அதெல்லாம் எனக்கு ஆகாது தம்பி. பீப்பாயக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஊசி கோக்கற மாதிரி இருக்கும். இது அப்படியா? விலாவுல ஒட்டிக்கும். தூக்கிட்டு இருக்கோம்னே தெரியாது” என்பாள். அவள் குள்ளம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது அவளுக்குப் பொருந்தியது.

ஸ்பீக்கருக்கு ஒயரை மாட்டி வாசித்தால் ஹால் முழுக்கக் கேட்கும். மாட்டாமல் வாசித்தால் சின்னச் சத்தம்; காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஆரம்பித்து உருண்டையாக முடியும். ஒரு சமையலறைக்குப் போதுமான சத்தம். காலையில் அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருக்கும்போது அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணாடி பெயின்ட் கலக்கிக்கொண்டே கேட்பான். அவன் எப்போதாவது முணுமுணுத்த ராகமெல்லாம் அந்தச் சுவர் வழியே வந்ததுதான்.

அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. ஒல்லியானாலும் உள்ளே காலி. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தன் சத்தத்தைத் தானே வாங்கி நாய் மாதிரி ஊளையிடும். அதை அடக்க அண்ணி கண்ணாடியின் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பாலிஷ் துணியை எடுத்து ஒரு ஓட்டைக்குள் திணித்துவிடுவாள். “என் துணி எங்க அண்ணி?” என்று சனிக்கிழமைதோறும் அவன் கேட்பான். “கிட்டார் தின்னுடுச்சு” என்பாள்.

சாக்ஸபோன்காரர் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று ஊரை விட்டுப் போனார். அடுத்து யார் முன்னால் என்று கேள்வி வந்தபோது தபால்காரர் அண்ணியைக் காட்டினார். அவளும் சரி என்றாள். இத்தனை வருடம் பின்னால் இருந்து தாங்கியவள் முன் நாற்காலியில் உட்கார்ந்து தானே பாடுவதுபோல் வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவள் தங்கைக்குப் பிரசவம். ஒரு வாரத்துக்குப் போனாள். பிரசவ வீட்டுக்குக் கிட்டார் எதற்கு என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாவது நாளே கண்ணாடி அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

“என்னடா அது?” என்றார் டிங்கர்.

“அண்ணியோடது.”

“தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?”

“முன்னால உக்காரப் போறாங்கண்ணே. லைட்டு மொத்தமும் இதுமேலதான் விழும். பாரேன், வறண்ட குளம் மாதிரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. நம்ம வீட்டுப் பொருள் இப்படியா மேடைக்குப் போறது? ஊர் என்ன சொல்லும்?”

“அவகிட்ட கேட்டியா?”

“கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸு?”

“கேட்டுட்டுச் செய்” என்று சொல்லிவிட்டு டிங்கர் சுத்தியலை எடுத்தார். சுத்தியல் சத்தத்தில் அந்த இரண்டு வார்த்தையும் காதில் விழாததுபோல் இருந்துவிடுவது கண்ணாடிக்கு எளிதாக இருந்தது.

தந்திகளைக் கழற்றினான். கட்டை கையோடு வந்தது. வெடிப்புகளிலெல்லாம் பட்டி இழுத்தான். அந்த இரண்டு பாதப் பள்ளங்களையும் விடவில்லை. யாரோ எதையோ வைத்து அழுத்திய பழைய காயம் என்று நினைத்து நிரப்பிவிட்டான். அதன்மேல் அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர். பிறகு நிறம். அந்தத் தேன் நிறத்துக்காக மட்டும் ஒரு பகல் முழுக்கக் கலந்தான். தேனிலிருந்து கருப்புக்கு எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து மூச்சை அடக்கி அடித்தான். கடைசியாக, விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் எடுக்கும் கிளியர் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு. ஒரு கோட், அது காய்ந்ததும் இன்னொன்று, மனசு கேட்காமல் இன்னுமொன்று. தேய்த்து மெருகேற்றி முடித்து, வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். தெரு அதில் தெரிந்தது. என் மாடி ஜன்னலும் தெரிந்தது. வாழ்க்கையில் அதுவரை அவன் செய்ததில் அதுதான் மிகச் சிறந்த வேலை. அதில் பொய் இல்லை, நானும் பார்த்தேன்.

அண்ணி வந்தாள். பையைக் கீழே வைக்காமலேயே பார்த்தாள்.

“அடேயப்பா” என்றாள். பக்கத்தில் வந்து குனிந்தாள். “என் மூஞ்சியே தெரியுதே” என்றாள்.

“எப்படி இருக்கு அண்ணி?”

“நல்லா இருக்கு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு.”

“தங்கச்சிக்கு?”

“பொண்ணு.”

கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். தந்திகளை மாட்டிக் கருங்கட்டையை நிறுத்த அவளுக்கு அன்றைக்கு வெகுநேரம் ஆயிற்று. கட்டையை நூலளவு நகர்த்துவாள், ஒரு தந்தியைத் தொடுவாள், மறுபடி நகர்த்துவாள். புதுப் பொருளைக் கொஞ்சுகிறாள் என்று கண்ணாடி நினைத்தான்.

நடுவில் ஒரு நாள் தபால்காரர் ஒத்திகைக்கு வந்தார். வண்டிகளைத் தள்ளிவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்தார்கள். அண்ணி ஒயரை மாட்டினாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனாள். ஊளையே இல்லை. இன்னும் பக்கத்தில் போனாள். ஊமை மாதிரி இருந்தது.

“அட! ஊளை போயிடுச்சே!” என்றார் தபால்காரர். “கண்ணாடி, கைராசிக்காரன்டா நீ. இனிமே துணி வேண்டாம்மா உனக்கு.”

“ம்” என்றாள் அண்ணி.

கண்ணாடிக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஏதோ உறுத்தியது. அண்ணி சிரிக்கத்தான் செய்தாள், சீட் தைத்தாள், டீ கொடுத்தாள். எதையோ கேட்கக் காத்திருப்பவள் மாதிரி நடுவில் கை நின்றுவிடும். வாரம் முடியப் போகிறது. அண்ணி முன்னால் உட்கார வேண்டிய சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி, முட்டை, டீ. ஸ்டூலுக்குப் பக்கத்தில் சுவரில் கிட்டார் சாய்ந்திருந்தது.

“அண்ணி, ஒண்ணு கேக்கணும். ஊர்லேருந்து வந்ததுலேருந்து காலைல வாசிக்கறதே இல்லையே நீங்க. முன்னால உக்காரணும்னு பயமா?”

அண்ணி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். “வாசிச்சேனே.”

“எப்ப?”

“இப்பதான். நீ ரொட்டி வாங்கிட்டு வந்து பெயின்ட் கலக்க ஆரம்பிச்சியே, அப்ப.”

“நான் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்.”

“ஆமா.”

“சத்தம் போடற கம்ப்ரஸர்கூடப் போடலையே.”

அண்ணி டீயை ஆற்றுவதை நிறுத்தினாள். தம்ளரையே பார்த்தாள். கண்ணாடி முட்டையைத் தட்டில் வைத்தான். டிங்கர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிட்டாரை எடுத்து மடியில் மல்லாத்திப் போட்டார். இடது கையால் தந்திகளை அமுக்கிக்கொண்டு, வலது கை நடுவிரல் முட்டியால் மேல்பலகையில் ஒரு தட்டு.

தொப்.

இன்னோர் இடத்தில் தட்டினார். தொப். கீழே ஓரத்தில். தொப்.

“பட்டி” என்றார்.

“ஏங்க, உங்கள யாரு இப்ப தட்டச் சொன்னா?” என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை.

கண்ணாடி எழுந்து வெளியே போனான். பட்டறை மூலையில் கதவுகளைக் கழற்றிய பழைய கார் ஒன்று நின்றது. அதில் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான். அடுத்தவன் பட்டறைக் கார்களைத் தட்டிப் பார்த்து அண்ணனும் தம்பியும் எத்தனை முறை சிரித்திருக்கிறார்கள்! பட்டி என்ற அந்தச் சொல்லை இந்தப் பட்டறையில் தனக்கு யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. ஒரு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டு அவன் அசையாமல் இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவள் கையால் உறை தைத்த சீட்தான். இரண்டு பேரும் காரில் இல்லாத முன்கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க, எங்கேயோ பயணம் போகிறவர்கள் மாதிரி இருந்தது.

“எங்க போறோம்?” என்றாள் அண்ணி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏன் அண்ணி சொல்லல?”

“எப்படிச் சொல்றது? வாசல்ல நிறுத்தி வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறே. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கற மாதிரி.”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான். ஒயர மாட்டினா சமாளிச்சிடலாம்னு பாத்தேன். சத்தத்த ஒயருக்கு அனுப்பற பிக்கப் இருக்கில்ல. ஆனா அது பாதிதான். மீதிப் பாதி என் விலாவுல வரும். ஒவ்வொரு சுரமும் நெஞ்சுல இடிக்கும். அது இடிச்சாத்தான் அடுத்து எங்க போகணும்னு எனக்குத் தெரியும். இப்ப பலகையக் கட்டிப் பிடிச்சிருக்கற மாதிரி இருக்கு.”

“ஊளை போச்சுன்னு அவர் சொன்னாரே…”

“ஊளை போச்சு. கூடவே மத்ததும் போச்சு. அடுத்தவன் பின்னால உக்காந்து வெட்டிக் குடுக்கறதுக்கு இது போதும் தம்பி. முன்னால உக்காந்து வாசிக்கப் போதாது.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“வேற கிட்டார் யார்கிட்டயாவது கேட்டு வாங்கலாமா?” என்றான்.

“பீப்பாயா? வேணாம்.”

“ரிப்பேர் பண்றவங்க யாராவது இருப்பாங்க.”

“இருப்பாங்க. நாளைக்குள்ள யாரும் முடிச்சுத் தரமாட்டாங்க. அதுவுமில்லாம அவனுக்கு என்ன தெரியும், மேல எத்தனை கோட் இருக்கு, எது எவ்வளவு தடிமன்னு? போட்டவனுக்குத்தானே தெரியும்.”

அவன் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான்.

“நீயே எடு” என்றாள்.

“செதுக்கின பலகை அண்ணி. எங்க எவ்வளவு மெலிசுன்னு தெரியாது. ஒரு இழுப்பு தப்பாப் போச்சுன்னா ஓட்டை விழுந்துரும்.”

“நீ எடுத்தா விழாது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“உன் வேலைய இத்தனை வருஷமாப் பாக்கறேன். அவசரப்பட்டுப் போடுவே. எடுக்கறப்ப அவசரப்பட மாட்டே.”

அன்று பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. பெயின்டைக் கரைக்கும் மருந்தை அவன் தொடவில்லை. பலகையின் ஓரத்தைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டை அதில் உருகிவிடும். பழைய ரம்பத் தகடு ஒன்றை வெட்டி, விளிம்பைத் தீட்டிச் சுரண்டி ஒன்று செய்துகொண்டான். வாசல் வெளிச்சத்தில் மேஜை போட்டு, மெத்தை விரித்து, கிட்டாரைக் கிடத்தினான். தான் மெருகேற்றிய பரப்பில் தன் முகம் தெரிவதை ஒரு முறை பார்த்தான். பிறகு அந்த முகத்தின்மேலேயே சுரண்டியை வைத்து இழுத்தான்.

வெள்ளைப் பொடி எழுந்தது. அது கிளியர். அதன் கீழே நிறம், நிறத்துக்குக் கீழே சாம்பல். அண்ணி சொன்னது சரிதான். எந்த நிறப் பொடி வருகிறதோ அதை வைத்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. சாம்பல் பொடி வந்தால் கையை இலேசாக்குவான். சாம்பலில் பழைய பூச்சின் செம்மை தட்டினால் சுரண்டியை வைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்ப்பான்.

டிங்கர் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவ்வப்போது குனிந்து முட்டியால் தட்டுவார்.

“இன்னும்.”

தம்பி சுரண்டுவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுவார்.

“இங்க சரி. அந்தத் தோள்கிட்ட இன்னும்.”

நடுவில் டாக்ஸிக்காரர் தன் வண்டிக்காக வந்தார். கிட்டார் வாசலில் நின்றபோது பார்த்து வாயைப் பிளந்தவர்களில் அவரும் ஒருவர்.

“அடப்பாவி! என்னடா பண்றே? அன்னிக்குத்தானே தங்கம் மாதிரி நிறுத்தி வச்சிருந்தே?”

கண்ணாடி நிமிரவில்லை.

“டிங்கரண்ணே, இவனுக்கு என்ன, வெயில் ஏறிடுச்சா? நல்லா இருக்கறதச் சுரண்டறான். எம் வண்டி அங்க அரைகுறையா நிக்குது, அதச் சுரண்டச் சொன்னா ஆள் இல்ல.”

“உங்க வண்டி பாடணுமா?” என்றாள் அண்ணி, உறை தைத்துக்கொண்டே.

“பாடவா? அது இருமாம இருந்தாப் போதும்மா.”

“அப்ப நாளன்னிக்கி வாங்க.”

அவர் போகவில்லை. இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் டிங்கர் தட்டும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். “இப்ப பரவால்ல போலிருக்கே” என்று அபிப்பிராயம்கூடச் சொன்னார்.

நிழல் எதிர்ச்சாரிக்கு நகர்ந்தபோது மேல்பலகையில் மரத்தின் கோடுகள் தெரிந்தன. வெளிறிப்போன நெருக்கமான கோடுகள், வாரிய தலைமுடி மாதிரி. பழைய தேனும் இல்லை, புதுத் தேனும் இல்லை; வெறும் மரம். நடுவில் இரண்டே இரண்டு சாம்பல் திட்டுகள் மட்டும் போகாமல் நின்றன. சின்னப் பாதங்கள் மாதிரி. சுற்றிலும் சுத்தமாகிவிட்ட பிறகும் பள்ளத்தில் இருந்த பட்டி அப்படியே இருந்தது. கண்ணாடி சுரண்டியின் முனையால் அதைத் தோண்டப் போனான்.

“இரு, இரு” என்றாள் அண்ணி. எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. “இதத்தானேடா நான் வந்த அன்னிக்குத் தேடினேன். கட்டை நிக்கற இடம்.”

“இதுவா? நான் ஏதோ அடிபட்ட காயம்னு நெனச்சேன்.”

“நெனப்பே. விட்டிரு. அது இடம் காட்டுது.”

கருங்கட்டையைக் கொண்டுவந்து அந்த இரண்டு திட்டுகளின் மேல் வைத்தாள். தந்திகளை மாட்டி முறுக்கினாள். ஒரு தந்தியின் நடுவில் விரலை இலேசாகத் தொட்டு மீட்டினாள். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாள். இரண்டும் ஒரே சுரம். கட்டை சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்; நகர்த்தத் தேவையே இல்லை.

“பட்டி ஒரு இடத்துலயாவது உண்மை பேசிடுச்சு” என்றார் டிங்கர். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தந்திகளைக் கையால் அமுக்கிக்கொண்டு அவர் மேல்பலகையை ஒரு தட்டுத் தட்டினார். தகரத்தின் டங் இல்லை, தொப்பும் இல்லை. உள்ளே யாரோ பதில் சொன்ன மாதிரி ஒரு சத்தம். தலையை ஆட்டிவிட்டுச் சுத்தியலைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

“பின்பக்கத்தையும் எடுத்துடறேன் அண்ணி. இன்னும் வெளிச்சம் இருக்கு.”

“வேணாம்.”

“பக்கப் பலகை?”

“வேணாம்னேன்ல. பின்பக்கம் என் வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்கறது. அது எப்படியும் பாடாது. இருக்கட்டும். அது எனக்கு மட்டும்.” கிட்டாரைத் திருப்பி, பளபளத்த பின்பக்கத்தில் முகத்தைப் பார்த்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். “என் கிட்டார்லயும் தலை வாரிக்கலாம்.”

அவன் மேஜையிலிருந்த பொடியைத் துடைத்தான். மஞ்சள் துணியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலை நான் ஜன்னலைத் திறந்தபோது தெருவைத் தாண்டி அந்தச் சின்னச் சத்தம் வந்தது. பழைய சத்தம்தானா என்றால் இல்லை. கொஞ்சம் வறண்டிருந்தது, கொஞ்சம் துணிச்சலாக இருந்தது, துணி போர்த்தாத உடம்பு மாதிரி. கண்ணாடி பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கலக்காமல், சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

சாயங்காலம் ஹாலில் கூட்டம். முன் நாற்காலி காலி என்று தெரிந்து, யார் உட்காரப்போகிறார்கள் என்று பார்க்க வந்தவர்களே பாதி. அண்ணி வந்து உட்கார்ந்தாள். ஒல்லிக் கிட்டார் விலாவில் ஒட்டிக்கொண்டது. பக்கமெல்லாம் கருப்புப் பளபளப்பு, முகம் மட்டும் சுடாத ரொட்டி மாதிரி வெளுப்பு. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “பாதிதான் பெயின்ட் அடிச்சிருக்காங்க, காசில்ல போலிருக்கு” என்றார். கதவோரம் நின்றிருந்த கண்ணாடிக்கு அது கேட்டது. இன்னொரு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

அண்ணி ஒயரை மாட்டினாள். ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டி ஒலியைக் கூட்டினாள்.

கிட்டார் ஊளையிட்டது.

அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஏறி, ஹாலையே நிரப்பி, மேஜைமேலிருந்த தம்ளர்கள் கிணுகிணுக்கும்படி ஊளையிட்டது. ஜனங்கள் காதைப் பொத்தினார்கள். தபால்காரர் பாஸ் வயலினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். ஹோட்டல்காரர் ஓடி வந்தார். அண்ணி மட்டும் அதை உடனே நிறுத்தவில்லை. கண்ணை மூடி, விலாவில் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் கண்ணாடியும் பல் தெரியச் சிரித்தான்.

அவள் தந்திகளை உள்ளங்கையால் பொத்தினாள். ஹால் அமைதியானது.

“தம்பி” என்று கூப்பிட்டாள், மேடையிலிருந்து, சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில். “துணி.”

அது அவன் சட்டைப்பையில் இருந்தது. ஏன் எடுத்து வைத்தேன் என்று அவனுக்கே தெரியாது என்றான். அத்தனை பேருக்கு நடுவில் நடந்து போய், மேடைக்கு முன் மண்டியிட்டு, மஞ்சள் துணியை மடித்து வளைந்த ஓட்டைக்குள் விரலால் திணித்தான். வெறும் மரம் அவன் கைக்குச் சூடாக இருந்தது.

“போதுமா அண்ணி?”

“இன்னும் கொஞ்சம். ம். போதும். ஓரமா நில்லு.”

பிறகு அவள் வாசித்தாள். முதல் சுரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நேரம் விட்டாள். அந்த இடைவெளியில் அவள் காத்திருக்கவில்லை, அது அவளுடையதாக இருந்தது. அதன் பிறகு அந்த ஹாலில் யார் முன்னால் உட்கார வேண்டும் என்ற கேள்வி எழவில்லை.

அண்ணி பல வருடம் அந்த நாற்காலியில் இருந்தாள். ஹோட்டல் கை மாறிய பிறகு வேறு ஹால்களில் வாசித்தாள். தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் அவளோடு வாசித்தார். விரல் மரத்துப்போனபோது வேறொருவருக்கு இடம் விட்டார். தங்கையின் மகள் வளர்ந்து கணக்கு ஆசிரியை ஆனாள். அவளுக்கு இசையில் ஈடுபாடு இல்லை. டாக்ஸிக்காரர் வண்டியை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போனார். டிங்கருக்குக் காது கொஞ்சம் மந்தமாகி, இப்போது தட்டிவிட்டு விரலால் உணர்ந்து சொல்கிறார். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். கண்ணாடி அதே பட்டறையில்தான் இருக்கிறான். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் அவனுக்கு நிகரான பெயின்டர் இல்லை. எந்தப் பொருளையும் முதலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “உடையவங்ககிட்ட கேட்டாச்சா?” என்று கேட்ட பிறகே ஸ்ப்ரே கன்னை எடுப்பான். நான் அந்த மாடியைக் காலி செய்து வெகுகாலம் ஆகிறது. கிட்டாரின் மேல்பலகைக்கு அப்புறம் யாரும் எதுவும் பூசவில்லை. அண்ணியின் முழங்கை படும் இடம் மட்டும் வியர்வையில் தேன் நிறமாகிவிட்டது. பின்பக்கம் இன்னும் பளபளக்கிறது. துணி அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது.